ஒரு மரையாணியின் பூர்வீகம்

திருகு அளவியைக் கையில் கொடுத்தவுடன் மாணவர் ஒருவராவது கேட்பார்: "புரியிடைத் தூரம் ஒரு மில்லிமீட்டர் என்று போன வகுப்பிலேயே படித்துவிட்டோமே சார், அதை ஏன் மறுபடி அளக்க வேண்டும்?" நியாயமான கேள்விதான். படித்ததை நம்பி அளக்காமல் விட்டவர்கள் அருமையான எஞ்சின்களைப் பாழாக்கியிருக்கிறார்கள் என்பதே நான் சொல்லும் பதில். அப்படிப்பட்ட எஞ்சின் ஒன்றின் கதையை இங்கே காண்போம்.

இங்கிலாந்தில் எம்.ஜி. என்ற பெயருள்ள சிறிய, திறந்த கார்கள் புகழ் பெற்றவை. அவற்றுள் டி.சி., டி.டி., டி.எஃப். என்ற வகைகள் 1945 முதல் 1955 வரை ஏறத்தாழ 50,000 வெளிவந்தன. பெரும்பாலானவற்றில் இருந்தது எக்ஸ்.பி.ஏ.ஜி. என்னும் நான்கு சிலிண்டர் எஞ்சின். உள்விட்டம் 66.5 மி.மீ., வீச்சு 90 மி.மீ., கொள்ளளவு 1250 க.செ.மீ. பழங்கார்களைப் போற்றுவோர் இன்றும் இவற்றைப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள்.

இந்த எஞ்சினில் ஒரு மரையாணி, பட்டறைச் சொல்லில் ஒரு போல்ட், தொலைந்துவிட்டதாகக் கொள்வோம். வண்டி ஆங்கிலேய வண்டி. மீதியுள்ள ஆணிகளின் தலையில் விட்வொர்த் அளவு ஸ்பானர் கச்சிதமாக உட்காருகிறது. அப்படியானால் புரியும் ஆங்கில அங்குலப் புரியாகத்தானே இருக்க வேண்டும்? அனுபவமுள்ள மெக்கானிக்கும் அப்படித்தான் முடிவு செய்வார். அந்த முடிவு தவறு. தலை ஆங்கில அளவு. உடலில் வெட்டியிருக்கும் புரியோ பிரெஞ்சு மில்லிமீட்டர் அளவு!

இந்த விந்தைக்குக் காரணம் ஒரு போர். இயந்திரத் துப்பாக்கி செய்து வந்த ஹாட்ச்கிஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை பாரிசுக்கு அருகே செயின்ட் டெனியில் இருந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் படைகள் பாரிசை நெருங்கவே, அந்நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஒரு கிளைத் தொழிற்சாலையை நிறுவித் துப்பாக்கி செய்தது. போர் முடிந்தது. துப்பாக்கிக்கு வேலையில்லை, எந்திரங்களும் தொழிலாளரும் சும்மா இருந்தனர். அதே சமயம் வில்லியம் மோரிஸ் என்ற கார் உற்பத்தியாளருக்கு, அதுவரை அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த எஞ்சின்கள் நின்றுபோயின. அவற்றைப் போலவே செய்து தருமாறு அவர் ஹாட்ச்கிஸை அணுகினார். 1923இல் அந்தத் தொழிற்சாலையையே விலைக்கு வாங்கிவிட்டார்.

எந்திரங்கள் பிரெஞ்சு அளவு முறைக்கு அமைந்தவை. ஒரு தொழிற்சாலையில் புரியை மாற்றுவது என்றால் புரி வெட்டும் டேப், டை, சரிபார்க்கும் அளவுமானிகள் என எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அது பெருஞ்செலவு. ஆகவே புரி அப்படியே இருக்கட்டும் என விட்டுவிட்டார்கள். ஆனால் ஆங்கிலேய மெக்கானிக்கின் பெட்டியில் இருப்பது விட்வொர்த் ஸ்பானர்கள் அல்லவா? அவருக்காகத் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். வாடிக்கையாளரின் வசதிக்குச் செய்த ஏற்பாடு. இன்று வண்டியைப் புதுப்பிப்பவரை ஏமாற்றுவதும் அதுவே.

விட்வொர்த் என்பவர் யார்? அவருக்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு புரி. ஒரு பட்டறை ஆணி மற்றொரு பட்டறை மரையில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து ஆணிகளைத் திரட்டி, அளந்து, சராசரி கண்டு, 1841இல் ஒரு பொதுத் திட்டத்தை முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. பிரெஞ்சுக்காரர்கள் 1894இல் வகுத்த திட்டத்தில் கோணம் 60 பாகை, 8 மி.மீ. ஆணிக்குப் புரியிடைத் தூரம் 1 மி.மீ. நான்கே ஆண்டுகளில், 1898இல் சூரிக்கில் கூடிய மாநாடு அதே ஆணிக்கு 1.25 மி.மீ. என்று மாற்றியது. இன்று கடையில் "8 மி.மீ. போல்ட்" என்று கேட்டால் பொதுவாகக் கிடைப்பது இந்த 1.25 தான். கவென்ட்ரி எஞ்சினில் உள்ளதோ பழைய 1 மி.மீ. ஆக, "இது மில்லிமீட்டர் ஆணி" என்று கண்டுபிடித்தவரும் கடைக்குப் போய் இரண்டாம் முறை ஏமாறலாம்.

இனி சிறிது கணக்குப் பார்ப்போம். 5/16 அங்குல ஆணியின் விட்டம் 7.94 மி.மீ. எட்டு மில்லிமீட்டருக்கும் இதற்கும் வேறுபாடு 0.06 மி.மீ. மட்டுமே, கண்ணுக்கோ விரலுக்கோ தெரியாது. திருகு அளவியில் தெரியும் என்றாலும் பயன் குறைவு. ஏனெனில் தேய்ந்த ஆணியின் விட்டம் எப்படியும் சற்றுக் குறைந்திருக்கும். விட்டம் பொய் சொல்லும். புரியிடைத் தூரம் பொய் சொல்லாது.

5/16 அங்குலத்தில் அமெரிக்க நுண்புரி ஆணிக்கு அங்குலத்துக்கு 24 புரி. அதாவது புரியிடைத் தூரம் 25.4 ÷ 24 = 1.058 மி.மீ. இதை 1 மி.மீ. புரியுள்ள துளையில் செலுத்தினால் ஒவ்வொரு சுற்றுக்கும் 0.058 மி.மீ. பிழை சேரும். முதல் இரண்டு மூன்று சுற்று விரலாலேயே ஏறிவிடும். "பொருந்திவிட்டது" என்ற மகிழ்ச்சியும் பிறக்கும்! எட்டாவது சுற்றில் பிழை 0.46 மி.மீ.; கிட்டத்தட்ட அரைப் புரி. அதற்கு முன்பே ஆணியின் முகடும் துளையின் முகடும் மோதி இறுகத் தொடங்கிவிடும்.

இறுகுகிறதே என்று ஸ்பானரை எடுப்பார் அவசரக்காரர். 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை கொடுத்தால், உராய்வில் பெரும் பகுதி போனாலும், 8 மி.மீ. ஆணியின் நீளப்போக்கில் ஏறத்தாழ ஒரு டன் எடை அளவுக்கு இழுவிசை உண்டாகும். கை இதை உணர்வதில்லை. எஃகு ஆணிக்கு இது பெரிதல்ல. ஆனால் சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு. அதன் புரி நொறுங்கி உதிரும். பிறகு துளையைப் பெரிதாக்கிச் செருகி வைத்துச் சமாளிக்கலாமே தவிர, போன புரி திரும்பாது. அந்த பிளாக்கை வார்த்த அச்சுகளின் காலம் 1950களோடு முடிந்துவிட்டது. சில ரூபாய் பெறும் ஆணிக்காக, விலை கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத பாகம் பலியாகிறது.

"அசல் உதிரிப் பாகம்தான் வாங்குவேன்" என்பவர்க்கும் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1908இல் லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் மூன்று காடிலாக் கார்களை முழுதாகப் பிரித்து, பாகங்களைக் கலந்து, எண்பதுக்கு மேற்பட்டவற்றைக் கிடங்குப் பாகங்களால் மாற்றி, மறுபடி பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அரம் தேவைப்படவில்லை. அன்று முதல் 'ஒரே வகை வண்டியின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்' என்று நாம் நம்புகிறோம். ஆனால் எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினே காலப்போக்கில் மாறியது. பழைய சிலிண்டர் தலையில் ஸ்பார்க் பிளக்கின் புரிப்பகுதி நீளம் அரை அங்குலம். பிற்காலத் தலையில் முக்கால் அங்குலம். இரண்டும் 14 மி.மீ. விட்டம், இரண்டும் அசல். நீள பிளக்கைப் பழைய தலையில் பூட்டினால் அது கால் அங்குலம் எரியறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். வண்டியின் பெயரைச் சொன்னால் போதாது; எஞ்சின் எண்ணையும் சொல்ல வேண்டும்; அந்த எஞ்சினில் வேறு காலத்துத் தலையை யாரும் மாற்றிப் பூட்டவில்லையா என்றும் பார்க்க வேண்டும்.

இன்று 1 மி.மீ. புரியுள்ள 8 மி.மீ. ஆணிகள் நுண்புரி வகையாகக் கிடைக்கின்றன. ஆனால் தலை இன்றைய அளவில் 13 மி.மீ. விட்வொர்த் கால் அங்குல ஸ்பானரின் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. எனவே தோற்றம் மாறுகிறதே என்று போட்டிகளில் வண்டியைக் காட்டுவோர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்காகவே பழைய தலையுடன் இவ்வாணிகளைச் செய்து விற்போரும் பிரிட்டனில் உள்ளனர். என்னைக் கேட்டால், புரி சரியாக இருந்து தலை மாறினால் கண்ணுக்குத்தான் குறை. தலை சரியாக இருந்து புரி மாறினால் எஞ்சினுக்கே கேடு. ஆணியின் வலிமைத் தரத்தை மட்டும் குறைத்துவிடக் கூடாது.

ஆகவே, மாதிரி ஆணியில் பத்துப் புரிகளின் நீளத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். 10 மி.மீ. வந்தால் கவென்ட்ரிப் புரி, 10.6 வந்தால் அமெரிக்க நுண்புரி, 11.5 வந்தால் ஆங்கில நுண்புரி, 12.5 வந்தால் இன்றைய கடைப் புரி. நம் நாட்டுக்கும் இது அந்நியமல்ல. எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினுக்கு முன்னோடியான எஞ்சினைக் கொண்ட மோரிஸ் 10 கார்தான் இங்கே 'இந்துஸ்தான் 10' என்ற பெயரில் ஓடியது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், அமெரிக்க ஆணிகள் பொருந்தாமல் பட்ட அவதிக்குப் பின், 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே அங்குலப் புரிக்கு உடன்பட்டன. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. காரின் புதிய எஞ்சினில் அந்தப் புரிதான் இருந்தது. அதன் 5/16 அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 24 புரி. முந்திய வண்டியின் துளையில் மூன்று சுற்று ஏறி இறுகிக்கொள்ளும் அதே ஆணி!