வழி சொல்பவரும் வழி கேட்பவரும்: செங்கத்து மலையும் செகூவின் மழையும்

1

பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் மழைவானத்தில் தொடங்குகிறது. கூத்தர் கூட்டத்தின் முழவொலிக்கு அங்கே இடி உவமை. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். அந்தச் செங்கண்மாதான் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். ஜவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாறுதான் பாட்டில் சேயாறு.

1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்ததிலிருந்து இதன் மேல் பேச்சுக்குக் குறைவில்லை. நம் தமிழ் எம்.ஏ. வகுப்புகளில் அது பெரும்பாலும் ‘ஆனந்தக் குற்றம்’ உண்டா இல்லையா என்ற வழக்கோடு முடிந்துபோகும். அந்த வழக்கு கிடக்கட்டும். ஈரம் காயாத மலைக்குள் முன்பின் தெரியாதவர்கள் நுழையும்போது அவர்களுக்கு யார் வழி சொல்றாங்க, யார் பேரைச் சொல்லி வழி சொல்றாங்க என்பதுதான் இந்தப் பிரதியிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், எதிரே வறுமையோடு வருகிறவனிடம் பேசும் பேச்சு. பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒரே தொழில்காரர்கள். அதனால் அறிவுரை முழுக்க உடம்பு சம்பந்தப்பட்டதாகவே இருக்கிறது. பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், நன்றாக விடிந்தபிறகு நடங்கள். குழிகளில் பாம்பு கிடக்கும், மரமேறிப் பார்த்துவிட்டு, விறலியர் கைதொழ, சற்று விலகி வலப்பக்கமாகப் போங்கள். யானையை விரட்டப் பரணிலிருந்து எறியும் கவண்கல் உங்கள் மேல் படலாம், மரத்தின் மறைவில் செல்லுங்கள். சுனையோரப் பாறையில் கண்ணுக்குத் தெரியாத பாசி காலை வாரிவிடும், மூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கடந்துபோங்கள். இரவானால் குகைக்குள் உங்கள் வீடு மாதிரி நுழைந்து தங்குங்கள். இப்படிச் சொல்வதற்கு அந்தப் பாசியில் ஒருமுறையாவது வழுக்கி விழுந்திருக்க வேண்டும்.

2

இதன் பக்கத்தில் இன்னொரு மழைப்பயணத்தை வைத்துப் பார்க்கலாம். சங்கப் பாணரை ஒப்பிடக் கைலாசபதி 1968இல் ஹோமரிடமும் அயர்லாந்து, வேல்ஸ் மரபுகளிடமும் போனார். மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெலிகளிடம் நம் கவனம் அதிகம் போகவில்லை. மரபுவழிப் பாடகர்களான அவர்கள் அரசர் வரலாற்றை வாய்வழியாகக் காத்தவர்கள். சுந்தியாட்டாவின் கதையை ஒரு ஜெலி சொல்ல, ஜிப்ரில் தம்சிர் நியான் எழுதி 1960இலேயே வெளியிட்டிருந்தார். ஒப்பிட வேண்டுமென்றால் கண் ஐரோப்பாவுக்கே போவது நம் கல்விப்புலத்தின் பழக்கம். இங்கேயும் ஐரோப்பியர் ஒருவரைத்தான் எடுக்கிறேன். ஆனால் அவர் எழுதியதில் ஆப்பிரிக்கர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்காக.

ஸ்காட்லாந்துக்காரரான மங்கோ பார்க் 1796 ஜூலையில், மழைக்காலத்தில், இன்றைய மாலி நாட்டிலுள்ள செகூவை அடைந்தார். அரசன் பார்க்க மறுத்துவிட்டான். பகல் முழுக்கப் பட்டினியோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் காற்றும் மழையும் திரண்டு வந்தபோது, வயல்வேலை முடிந்து திரும்பிய ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குக் கூட்டிப்போய், மீன் சுட்டுக் கொடுத்துப் பாய் விரித்தாள். வீட்டுப் பெண்கள் பஞ்சு நூற்றுக்கொண்டே அவரைப் பற்றி அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டினார்கள். தாயும் மனைவியும் பக்கத்தில் இல்லாத ஒருவனுக்காக இரங்கும் பாட்டு அது. 1799இல் வந்த பார்க்கின் புத்தகத்தில் அது இடம்பெற்றது. டெவன்ஷர் சீமாட்டி அதை ஆங்கிலச் செய்யுளாக்க, இசையமைத்தும் பாடினார்கள். பாட்டுக் கட்டிய பெண்களின் பேர் எங்கேயும் இல்லை. மீன் சுட்டுக் கொடுத்தவளின் பேரும் இல்லை. அவளுக்குக் கைம்மாறாகக் கொடுத்த பித்தளைப் பொத்தான்கள் மட்டும் சரியாகப் பதிவாகியிருக்கின்றன, இரண்டு என்று.

1805இல் பார்க் திரும்பவும் வந்தார். இந்த முறை அரசாங்கத்தின் பணம், சிப்பாய்கள், துப்பாக்கிகள். மழைக்கு முன் நைஜர் ஆற்றைத் தொட்டுவிடலாம் என்று நம்பி மே மாதம் காம்பியாவிலிருந்து புறப்பட்டார். ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையரில் ஆகஸ்டில் ஆற்றங்கரையை உயிரோடு பார்த்தவர்கள் ஏறக்குறையக் கால் பங்குதான். அதன்பிறகு கரையில் இறங்கிப் பேசுவதையே தவிர்த்து, எதிர்ப்பட்ட படகுகளைச் சுட்டுக்கொண்டு ஆற்றோடு போன பயணம், 1806இல் இன்றைய நைஜீரியாவின் புஸ்ஸா அருகே நீர்விரைவில் முடிந்தது. முதல் பயணத்தில் அவரைக் காப்பாற்றியது அவருடைய நிராதரவு. இரண்டாவதில் அது அவரிடம் இல்லை, துப்பாக்கி இருந்தது. வழி கேட்கிற நிலையில் இருந்தவன் வழியைக் கைப்பற்றுகிறவனாக மாறியபோது மழை அவனுக்கு எதிரியானது.

3

அப்படியானால் நம்முடையது நல்ல பயணம், அவர்களுடையது கெட்ட பயணம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாமா? முடியாது. மலைபடுகடாமும் அரசனுக்கான பிரதிதான். நாங்கள் அந்த வேளின் கூத்தர் என்று சொன்னால் போதும், குறவர் வீட்டுக்குள் உங்கள் வீடு போலத் தயங்காமல் நுழையலாம் என்கிறது பாட்டு. தினைச்சோறும், நெய்யில் வெந்த இறைச்சியும், மூங்கில் குழாயில் விளைந்த கள்ளும் கிடைக்கும். இது விருந்தோம்பலா, நன்னன் பேருக்குச் செலுத்தும் திறையா? குறவர் தரப்பைச் சொல்ல அங்கே வாய் இல்லை.

அவர்கள் குரல் வரும் இடமும் கவனிக்க வேண்டியது. மலையில் எழும் ஒலிகளை வரிசையாக அடுக்கி, அவற்றை மலை என்னும் யானையின் மதமாக்குவதால்தான் பாட்டுக்கே இந்தப் பேர். அருவி விழும் ஓசை, யானையின் பிளிறல். அதே வரிசையில், புலி பாய்ந்து கிழித்த கணவன் மார்பின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டும். அவள் பாடியது என்ன என்று பிரதி கேட்கவில்லை. அவள் பேச்சு மலையின் ஓசைகளில் ஒன்றாகக் கரைந்துபோகிறது. லண்டன் வரவேற்பறையில் செகூப் பெண்களின் பாட்டுக்கு நடந்ததும் வேறு வகையில் இதுதான்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பார்க்கின் புத்தகத்தில் வழி தெரிந்தவர் பார்க் ஒருவர்தான், படிப்பவன் லண்டனில் உட்கார்ந்திருக்கிறான். ஆற்றுப்படையில் கேட்கிறவன் அடுத்த நாள் நடக்கப்போகிறவன். கவர்வழிகளில் என்ன செய்ய வேண்டும் என்றும் பாட்டு சொல்லிவைக்கிறது. நிலம் தெரியாத புதியவர்களே, சந்தியைத் துடைத்துப் புல்லை முடிச்சுப் போட்டு அடையாளம் வையுங்கள். தனக்கே வழி தெரியாதவன், பின்னால் வருகிறவனுக்கு வழிகாட்டிவிட்டுப் போகணும். எந்த அரசனும் கேட்காத கடமை இது.

4

அதே கவர்வழிகளில் நடுகற்கள் இருக்கும், நின்று யாழ் இசைத்துவிட்டுப் போங்கள் என்கிறது பாட்டு. செங்கம் வட்டாரத்தில் அப்படிப்பட்ட கற்கள் ஏராளமாகக் கிடைத்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. பெரும்பாலானவை தொறு மீட்கும் பூசலில் செத்தவர்களுக்கு எடுத்தவை. மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, அவனுக்காகக் கள்வரைக் கடித்த நாய்க்கும் இடம் கிடைத்தது. நாயின் பேர் கோவிவன். 1400 வருஷத்துக்கு முன் ஒரு நாயின் பேரைக் கல்லில் வெட்டிவைத்த பூமி இது.

அதே மலைத்தொடரில் இன்றைக்குப் பயணம் போகிறவர்கள் யார்? 1882இன் சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் சொத்தாக்கியது. 2006இன் வன உரிமைச் சட்டம் அதைச் சரிசெய்ய வந்தது, ஆனால் பட்டா வேறு, பிழைப்பு வேறு. சந்தனத்துக்குப் பேர்போன ஜவ்வாது மலையிலிருந்து மலையாளிப் பழங்குடியினர் கூலிக்காக ஆந்திரக் காடுகளுக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி, ஆந்திர அதிரடிப்படை 20 தமிழகத் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றது. ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை.

ஒருகாலத்தில் அந்நியருக்குச் சோறு போட்டு வழி சொன்னதாக இலக்கியம் பதிவுசெய்த மலையின் மக்கள், இப்போது வேற்றுக் காட்டில் அந்நியர்கள். அவர்களை ஆற்றுப்படுத்துகிறவன் இடைத்தரகன். எங்கே கண்ணி இருக்கிறது, எப்போது நடக்கணும், எந்த மரத்தின் பின்னால் மறையணும் என்று சொல்ல அவனுக்கு அக்கறை இல்லை. அவன் அந்தக் காட்டில் நடக்கப்போகிறவனும் இல்லை.

சங்கத் தமிழில் கவலை என்றால் வழி பிரியும் இடம். நாம் மனத்துயரத்துக்கு அதே சொல்லை வைத்திருக்கிறோம். நன்னன் நாட்டுக் கவலைகளில் கல் நட்டார்கள், புல் முடிந்தார்கள். சேஷாசலத்தில் விழுந்த இருபது பேருக்கு எந்தக் கவலையில் கல் நடுவது என்பது தொல்லியல் துறைக்கான கேள்வி இல்லை. மலைபடுகடாமை இன்னும் பாடமாக வைத்திருக்கிற நமக்கான கேள்வி.