நாகைக் காரோணமும் அயலார் பள்ளியும்

திருக்குட நன்னீராட்டு என்பது ஒருவர் செயலன்று. ஓரூரார் அனைவரும் கூடிச் செய்யும் பெருஞ்செயலாகும். கல் தச்சரும், சுதை வேலைக்காரரும், குயவரும், கொல்லரும், பூத்தொடுப்போரும், பந்தலிடுவோரும் தத்தம் கைத்தொழிலைக் காணிக்கையாக்கிய பின்னரே வேள்விச்சாலையில் முதற் குடம் நிறுவப்பெறுகின்றது. இவருள் நம் சமயத்தார் அல்லாதாரும் உளர் என்பதை ஊர்தோறும் காண்கின்றோம். ஆதலின், திருக்கோயில் விழாவை முன்னிட்டு வெளிவரும் இம்மலரில், அயலாரோடு ஒத்து வாழ்தல் என்னும் பொருளை வரலாற்றின்வழி ஆராய்தல் பொருத்தமுடையதாகும்.

தன் சமயத்தில் உறைத்த பற்றுடையான் ஒருவன், வேறு சமயத்தைச் சார்ந்த அயலாரோடு எங்ஙனம் வாழ்தல் வேண்டும்? இவ்வினாவிற்கு இரு விடைகள் எளிதிற் கூறப்படுகின்றன. பிற சமயத்தாரை விலக்கி ஒதுக்குதலே தன் சமயத்திற்குச் செய்யும் தொண்டு என்பார் ஒரு சாரார். எல்லாச் சமயமும் ஒன்றே, ஆதலின் எதிலும் உறுதி வேண்டா என்பார் மற்றொரு சாரார். முன்னது பகைக்கு வித்து. பின்னது கொள்கைக்கு இழப்பு. இவ்விரண்டிற்கும் இடையே செவ்விய நெறி ஒன்றுண்டு. அந்நெறியிலே நம் முன்னோர் நடந்து காட்டிய இடம் கடல் சூழ்ந்த நாகப்பட்டினம்.

நாகைக் காரோணம் தேவார மூவரும் பாடிப் பரவிய திருப்பதி. மீன்பிடிக்கும் நுளையர் குலத்துத் தலைவராய் விளங்கிய அதிபத்த நாயனார் தோன்றியதும் இவ்வூரே. சுந்தரமூர்த்தி நாயனார் இத்தலத்துப் பெருமானிடம் கத்தூரியும் சாந்தும் குதிரையும் வேண்டிப் பாடினார் என்பதைக் கருதின், பல நாட்டுப் பண்டங்கள் வந்திறங்கிய துறைமுகமாக அவ்வூர் விளங்கியமை புலனாகும். பண்டங்கள் வந்த மரக்கலங்களிலே மக்களும் வந்தனர். அவருடன் அவர்தம் வழிபாடுகளும் வந்தன.

கீழ்த்திசைக் கடலுக்கு அப்பால் கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட சைலேந்திர குலத்து அரசர்கள் பௌத்த சமயத்தினர். தம் நாட்டு வணிகரும் பிறரும் தங்கி வழிபடும்பொருட்டு அவர்கள் நாகையில் ஒரு பெரும் பள்ளியை எடுப்பித்தனர். மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் அதனை அமைத்தமையின் அது சூடாமணிவர்ம விகாரம் எனப் பெயர்பெற்றது. அதற்கு இசைவு அளித்ததோடு அமையாது, ஆனைமங்கலம் என்னும் ஊரையும் பள்ளிச்சந்தமாக வழங்கியவன் முதலாம் இராசராச சோழன்.

யார் இவ்விராசராசன்? சிவபாதசேகரன் என்று பெயர் பூண்டவன். தஞ்சையில் இராசராசேச்சரம் என்னும் பெருங்கோயிலை எடுப்பித்தவன். ஆனைமங்கலக் கொடை அவனுடைய 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 1006 அளவில் வழங்கப்பட்டது. தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் உச்சிக்கு அவன் செப்புக்குடம் அளித்தது 25-ஆம் ஆட்சியாண்டில், கி. பி. 1010-இல் ஆகும். ஒருபால் சிவபெருமானுக்கு வானளாவிய கோயில் எழுப்புவதற்கு முனைந்திருந்த அந்த ஆண்டுகளிலேயே, மற்றொருபால் அயல்நாட்டாருடைய புத்தப்பள்ளிக்கு ஊர் அளித்தான் என்பது இங்கே எண்ணத்தக்கது. அவனுடைய சிவபத்தி இதனாற் குறைந்ததென்று எவரும் கூறார்.

இக்கொடையைக் கூறும் செப்பேடுகள் இருபத்தொன்று. அவற்றுள் ஐந்து வடமொழியிலும் பதினாறு தமிழிலும் அமைந்துள்ளன. நெடுங்காலம் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரத்திலே இருந்தமையால் அவற்றை லெய்டன் பெரிய செப்பேடுகள் என்று அறிஞர் வழங்குவர். ஆணை பிறப்பித்தவன் இராசராசனே எனினும், அவன் மறைந்த பின்னர் அதனைச் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்தவன் அவன் மகன் முதலாம் இராசேந்திரன். தந்தை அயலார்க்குக் கொடுத்த வாக்கைத் தன் வாக்காகவே மைந்தன் ஏற்றுக்கொண்டான்.

செப்பேட்டின் வடமொழிப் பகுதி புகழ்மொழிகள் நிறைந்தது. அதனினும் நமக்குப் பாடம் புகட்டுவது தமிழ்ப்பகுதியே. அதிலே புகழ்ச்சி குறைவு, கணக்கு மிகுதி. நிலம் 97 வேலியும் சில மாவும் என்றும், அதற்குரிய காணிக்கடன் ஆண்டுக்கு 8,943 கலத்திற்கும் சிறிது மேற்பட்ட நெல் என்றும் கலம், தூணி, குறுணி, நாழி வரையிற் கணக்கிட்டு எழுதியுள்ளனர். ஒரு நாழி நெல்லும் விடப்படவில்லை. அயலார்க்கு நன்மை செய்ய விரும்புவோன் வாய்ச்சொல்லால் வாழ்த்தியமைதல் போதாது. அவர்க்கு உரியது இவ்வளவு என்று ஐயமின்றி வரையறுத்துக் கொடுத்தல் வேண்டும். வரையறையின்மையே வழக்கிற்குத் தாய். இன்று அடுத்த வீட்டார் இருவர் ஒரு முழ நிலத்திற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறுவதைக் காண்கின்ற நாம், ஒரு நாழி நெல்லையும் எழுதிவைத்த அவ்வறிவுடைமையை எண்ணி வணங்குதல் தகும்.

எல்லை வகுத்த முறையும் அறியத்தக்கது. அரசன் ஆணை வந்ததும் நாட்டார் எதிர்சென்று அதனைத் தொழுது தலைமேற் கொள்வர். பின்னர் ஒரு பிடியை, அதாவது பெண்யானையை, ஊரின் எல்லை வழியே நடத்துவர். அது சென்ற வழியிலே கல்லும் கள்ளியும் நட்டு எல்லையை உறுதி செய்வர். நள்ளிரவில் அதிகாரிகள் சிலர் கூடி ஓலை எழுதிவிடும் செயலன்று அது. பட்டப்பகலில் ஊரறிய நடந்த செயல். சுற்றியுள்ள ஊர்களின் சார்பிலே வந்தவர்கள் உடனிருந்து எல்லையைக் கண்டனர், கண்டவாறே எழுத்திட்டனர்.

இதனைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். அவ்வாறு எழுத்திட்ட ஊர்களிற் பிரமதேயங்களும் இருந்தன, தேவதானங்களும் இருந்தன. பிரமதேயம் வேதியர்க்குரிய ஊர், தேவதானம் திருக்கோயிலுக்குரியது, பள்ளிச்சந்தம் சமண பௌத்தப் பள்ளிகளுக்குரியது. மூவகை நிலங்களும் ஒரே வளநாட்டில், ஒரே ஆற்றுப்பாசனத்தில், வரப்போடு வரப்பாகக் கிடந்தன. தேவதானத்து எல்லையைக் காத்தவன் பள்ளிச்சந்தத்து எல்லைக்கும் சான்றாக நின்றான். அயலான் உரிமைக்கு அயலானே சான்று என்னும் இதனினும் உறுதியான வேலி வேறில்லை. கல்லைப் பெயர்த்து நடலாம், கள்ளியை வெட்டலாம், ஊரார் கையெழுத்தை யார் மாற்றவல்லார்?

நீர் உரிமையும் இத்தகைய சோழர் கால ஆவணங்களிலே தெளிவாக வரையறுக்கப்படுவதுண்டு. நீர் பாயும் முறைக்கேற்ப வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிக்கொள்ளலாம் என்பதும், பிறர் அவ்வாய்க்காலைக் குறுக்கே அறுத்தலும், ஏற்றமிட்டு அந்நீரை இறைத்தலும் ஆகாவென்பதும் அவற்றிற் காணப்படும் வழக்கமான விதிகள். மண்ணுக்கு எல்லைக்கல் உண்டு; ஓடும் நீருக்குக் கல் நட இயலாது. அங்கே மேல்மடைக்காரன் நெஞ்சமே எல்லை. கீழ்மடைக்காரன் எச்சமயத்தானாயினும் அவன் பயிர் வாடாமற் காப்பது மேல்மடைக்காரன் கடன் என்பதை ஆவணத்திலேயே எழுதிய நாடு இது.

இனி, அயலாரும் வாளா இருந்தாரல்லர். காரோணத் திருக்கோயிற் கல்வெட்டுக்கள், முதலாம் இராசேந்திரன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் ஸ்ரீவிசயத்து அரசனுடைய கன்மியும் கடாரத்து அரசனுடைய கன்மியும் அக்கோயிலுக்கு அளித்த கொடைகளைக் கூறுகின்றன. கன்மியாவான் அரசன் சார்பிற் காரியம் பார்ப்பவன். நாகையழகர் திருவுருவுக்கு அணிகலன்கள் செய்தற்பொருட்டுச் சீனக்கனகம் என்னும் சீனநாட்டுப் பொன்னும் அளிக்கப்பெற்றது. சைவ மன்னன் புத்தப்பள்ளிக்கு நெல்விளையும் ஊரை ஈந்தான். பௌத்த மன்னர் சார்பில் வந்தவர் சிவன் கோயிலுக்குப் பொன்னை ஈந்தனர். ஒப்புரவறிதல் என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குப் பெயரிட்டாரன்றோ? அதற்கு வரலாற்றிலே இஃது ஓர் இலக்கியம்.

இவ்வொப்புரவுக்குச் சோதனையும் வந்தது. கி. பி. 1025-இல் இராசேந்திரன் கப்பற்படை செலுத்திக் கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் வென்றான். அரசர் இருவர்க்கிடையே பகை மூண்ட காலத்தில், பகைவன் எடுத்த பள்ளி என்று கூறி நாகை விகாரத்தை அழித்திருத்தல் எளிது. அதன் ஊரைப் பறித்துக்கொள்ளுதல் அதனினும் எளிது. அங்ஙனம் நிகழவில்லை. ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர், கி. பி. 1090-இல், கடாரத்து அரசன் அனுப்பிய தூதர் இருவர் முதற் குலோத்துங்க சோழனிடம் விண்ணப்பிக்க, அப்பள்ளிக்குரிய ஊர்களின் இறைநீக்கத்தை உறுதி செய்து அவன் செப்பேடு அளித்தான். லெய்டன் சிறிய செப்பேடுகள் எனப்படும் மூன்று ஏடுகள் இதனைக் கூறும். போர் கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது. நாகையிலே பள்ளி நின்றது. அரசர் பகைக்கு அயல்வீட்டார் பொறுப்பாளியல்லர் என்னும் நீதி அங்கே காக்கப்பட்டது.

இங்கே அன்பர் ஒருவர் ஐயுறலாம். திருஞானசம்பந்தப் பெருமான் தம் பதிகங்களிற் பத்தாம் பாட்டுத்தோறும் சமண சாக்கியரை மறுத்தருளினாரே. போதிமங்கையிலே புத்தரை வாதில் வென்றதைப் பெரியபுராணம் கூறுகின்றதே. அவ்வழி வந்த மன்னன் புத்தப்பள்ளிக்கு ஊர் அளித்தல் முரணாகாதோ என்பது அவ்வையம். இதனை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று.

முரணன்று என்பதே நம் துணிபு. கொள்கையை ஆராயுமிடம் வேறு. உரிமையைக் காக்குமிடம் வேறு. வாதத்திற்கு உரியது சொல். அதற்கு விடையும் சொல்லே. வாதத்திலே தோற்றவன் வயலையும் இழத்தல் வேண்டும் என்று நம் சாத்திரம் கூறவில்லை. சோழர்க்குப் பின்னரும் இம்மறுப்பு நின்றுவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞான சித்தியார் பரபக்கத்திலே பௌத்தர் நால்வகையினர் உள்ளிட்ட பதினான்கு சமயத்தார் கொள்கைகள் மறுக்கப்படுகின்றன. ஆயின், மறுக்கும் முறையைக் காண்க. முதலில் அவ்வச் சமயத்தார் கூற்றை அவரே கூறுமாறு போல எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுப்பு நிகழ்கின்றது. மடங்களிலே இந்நூலைப் பாடங்கேட்கும் மாணாக்கன், தன் கொள்கையை நிலைநாட்டுதற்கு முன்னர்ப் பிறன் கொள்கையைப் பழுதற உணர்தல் வேண்டும். அயலான் நிலத்தை நாழிக் கணக்கிற் பிழையாது அளந்த நேர்மையும், அயலான் கொள்கையைச் சொற்பிழையாது எடுத்துரைத்த நேர்மையும் ஒரே மரத்தின் இரு கிளைகள். நம் கொள்கையில் நமக்கு உறுதி இருக்குமாயின், அயலாரைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அச்சமில்லாதவனுக்குப் பகைமையும் இல்லை.

நாகைப் பகுதி இந்நெறியைப் பிற்காலத்தும் கைவிடவில்லை. கி. பி. 1476-ஆம் ஆண்டுக்குரிய பர்மா நாட்டுக் கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து கரைசேர்ந்த பௌத்தத் துறவியர் சிலர் நாகப்பட்டினத்திற்கு வந்து வழிபட்ட செய்தியைக் கூறுகின்றது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் (1739–1763) அண்மையிலுள்ள நாகூர்த் தர்காவின் ஐந்து மினார்களுள் மிக உயர்ந்ததாகிய 131 அடி மினாரை எடுப்பித்தார். அத்தர்காவின் கந்தூரிக் கொடி நாகப்பட்டினத்திலிருந்தே ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுவதும், சைவ வைணவ மக்களும் அவ்விழாவிற்குச் செல்வதும் பலரும் அறிந்தவை.

சூடாமணி விகாரமோ இன்றில்லை. வழிபடுவோர் அருகிப் போயினர். கட்டடம் காலத்தாற் சிதைந்தது. எஞ்சி நின்ற செங்கற் கோபுரமும் ஆங்கில அரசின் இசைவுடன் 1867-இல் இடிக்கப்பட்டது. 1856 முதலாக அவ்விடத்தும் சுற்றுப்புறத்தும் மண்ணிலிருந்து வெளிப்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை. பள்ளி மறைந்தது, அதற்கு எல்லை வகுத்துச் சான்று நின்ற அயலாரின் கையெழுத்து மட்டும் செப்பேட்டில் நிலைத்தது. கல்லினும் செங்கல்லினும் நெடிது வாழ்வது நல்லயலாரின் சொல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

குடமுழுக்கைக் கண்டு இன்புறும் மெய்யன்பர்கள் இதனைத் தம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். நம் திருக்கோயில் மதிலுக்கு வெளியே நாலு புறமும் அயலார் உளர். நம் மதில் அவர் எல்லையுட் புகாதிருக்கின்றதா? நம் விழாக் கூட்டம் அவர் வாயிலை அடையாதிருக்கின்றதா? நாம் கழுவிவிடும் நீர் அவர் முற்றத்தில் தேங்காதிருக்கின்றதா? அவர்தம் வழிபாட்டு நேரத்தில் நம் ஒலிபெருக்கி சற்றே ஓய்கின்றதா? அவர்க்கு ஒரு வழக்கு நேரின் அஞ்சாது உண்மை கூறும் சான்றாக நாம் நிற்போமா? இவை சிறியன போலத் தோன்றும்; நாழி நெல்லும் சிறியதே. சிறியன பிழையாத இடத்திலே பெரியன நிலைக்கும்.

திருக்குடத்து நன்னீர் விமானத்தின் உச்சியிற் சொரியப்படும்போது, அது சிகரத்தில் மட்டும் நிற்பதில்லை. நாற்புறமும் வழிந்து, கீழே நிற்போர் அனைவர்மீதும் தெளிக்கின்றது. இவர் நம்மவர், அவர் அயலவர் என்று அந்நீர் பிரித்தறிவதில்லை. அவ்வண்ணமே நம் பத்தியும் நம் மதிலைக் கடந்து அயலார்க்குப் பயன்படுமாறு, எல்லாம்வல்ல இறைவன் திருவருள் கூட்டுவதாக.

திருச்சிற்றம்பலம்.