ஃபிகர் ஸ்கேட்டிங் பயிற்சியாளர் ஊதியம் (அமெரிக்கா)

அமெரிக்கப் பனிச்சறுக்கு அரங்குகளில் ஃபிகர் ஸ்கேட்டிங் பயிற்சியாளர் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். குழு வகுப்புக்கு அரங்கு மணிக்கணக்கில் ஊதியம் தரும். தனிப்பயிற்சிக்கு மாணவரின் பெற்றோரே பணம் கொடுப்பர். அதில் அரங்கு ஒரு பங்கை எடுத்துக்கொள்வதும் உண்டு. பனித்தளக் கட்டணம் தனி.

ஆகவே கற்பிக்கும் நேரமே வருமானம். அந்த நேரத்தை நெடுங்காலம் நிரப்பியவை, எட்டு போன்ற வளைவுகளைப் பனியில் பிசகின்றி வரையும் 'கட்டாய வடிவங்கள்'. 1968 வரை போட்டி மதிப்பெண்ணில் 60 விழுக்காடு இவற்றுக்கே கிடைத்தது. மாணவர்கள் பனித்தளத்தில் ஆளுக்கொரு பகுதியை வாடகைக்கு எடுத்து, நாள்தோறும் மணிக்கணக்கில் ஒரே கோட்டின்மேல் சுற்றினர். பார்ப்பவருக்குச் சலிப்பூட்டிய இந்தப் பயிற்சிதான் பயிற்சியாளருக்குச் சோறு போட்டது. 1961இல் பிரசல்ஸ் அருகே நேர்ந்த விமான விபத்தில் அமெரிக்க அணியினரும் அவர்களுடைய பயிற்சியாளர்களும் இறந்தனர். அந்த வெற்றிடத்தில் இத்தாலியிலிருந்து வந்த கார்லோ ஃபாஸ்ஸி, வடிவங்களைக் கற்பிப்பதில் பெயர்பெற்றவர். அவரிடம் பயின்ற பெக்கி ஃபிளெமிங் 1968இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

வடிவங்கள் தொலைக்காட்சிக்கு ஒத்துவரவில்லை. அவற்றை நீக்கப் பன்னாட்டுச் சறுக்கு ஒன்றியம் 1988இல் முடிவெடுத்தது. 1990க்குப் பின் உலகப் போட்டிகளில் அவை இல்லை. தாவல்களைக் கற்பிக்கலாம்தான், ஆனால் வட்டம் வரைவதுபோல் நாள் முழுவதும் தாவ எந்தக் காலும் தாங்காது. அமெரிக்காவில் மட்டும் வடிவங்கள் தனிப்போட்டியாக 1999 வரை நீடித்தன.