குதிரை லாயத்தில் கிடந்த வெளிப்படுத்தின விசேஷம்

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய ஆண்டுகளில் மேற்கு பிரான்சின் ஆன்ஷே நகரத்தில் குளிர்காலம் வந்தால், ஆரஞ்சு மரங்களைப் பனியிலிருந்து காக்க ஒரு பழைய கம்பளித் துணியை வெட்டிப் போர்த்தினார்கள். குதிரைகள் சுவரில் உரசிப் புண்ணாகாமல் இருக்க லாயத்திலும் அதே துணியை அடித்து வைத்தார்கள். சுவரில் பொத்தல் விழுந்தால் அடைக்க ஒரு துண்டு, கால் துடைக்க ஒரு துண்டு. அதில் என்ன நெய்திருக்கிறது என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஏழு தலை மிருகம் இருந்தது. எக்காளம் ஊதும் தூதர்கள் இருந்தார்கள். ஓரத்தில் பத்மு தீவின் யோவான் இருந்தார்.

அந்தத் துணிக்கு அப்போதே நானூறு வயது.

14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நூறாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1348இல் கொள்ளைநோய் வந்து ஊர்களைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. 1356இல் புவாத்தியே போர்க்களத்தில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஷான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். 1360இல் உடன்படிக்கை ஆயிற்று. மீட்புப் பணம் முழுவதும் கட்டி முடியும்வரை பிணையாட்கள் ஆங்கிலேயர் கையில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் அரசரின் மகன், ஆன்ஷூ பகுதியின் பிரபு லூயி. 1363இல் அவர் கொடுத்த வாக்கை மீறித் தப்பி ஓடிவிட்டார். திரும்பிப் போக மறுத்தும்விட்டார். மகன் கெடுத்த வாக்கைத் தகப்பன் காப்பாற்றினார். அரசர் தாமாகவே மறுபடி லண்டனுக்குப் போய், 1364 ஏப்ரலில் அங்கேயே இறந்தார்.

அந்தத் தப்பியோடிய மகன்தான் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வெளிப்படுத்தின விசேஷம் முழுவதையும் திரைச்சீலையாக நெய்யச் சொன்னார். முடிவுபரியந்தம் வாக்கு மாறாதிருக்கச் சொல்லும் புத்தகத்தை, வாக்கு மாறியவர் நெய்ய வைத்தார். குற்ற உணர்வா, கௌரவமா, அண்ணன் ஐந்தாம் சார்ல் அரசருக்கு இணையாக நிற்கும் ஆசையா என்று ஆளுக்கு ஒன்று சொல்லலாம். வரிச்சுமைக்காக 1379இல் மொன்பெலியே நகரம் கலகத்தில் இறங்கியதும் இவருடைய ஆளுகையில்தான். ஆக, புண்ணியவான் என்று சொல்வதற்கில்லை.

மாதிரிக்கு அண்ணனின் நூலகத்திலிருந்து ஓவியம் தீட்டிய வெளிப்படுத்தின விசேஷச் சுவடி ஒன்று வந்தது. அரச நூலகத்தின் 1380ஆம் ஆண்டுப் பட்டியலில், அழகிய திரைச்சீலை செய்வதற்காக அதைத் தம்பிக்குக் கொடுத்திருப்பதாக ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தச் சுவடி இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் பத்திரமாக உள்ளது. அரசரின் ஓவியர், புரூஷ் நகரத்து ஷான் போன்டோல், பெரிய அளவில் படம் வரைந்து கொடுத்தார். பாரிஸ் வணிகர் நிக்கொலா பத்தாய் நெய்யும் பொறுப்பை ஏற்றார். 1377இல் அவருக்குப் பணம் கொடுத்த கணக்கு கிடைத்திருக்கிறது. 1382 வாக்கில் வேலை முடிந்தது.

ஆறு பெரிய துண்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 23 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். எல்லாம் சேர்த்தால் 140 மீட்டர் வரும். பாவும் கம்பளி, ஊடையும் கம்பளி. நம் ஊர் மஞ்சிட்டியின் இனத்துச் செடியின் வேரிலிருந்து சிவப்பு. அவுரிச் சாயத்தைப் போலவே நீலம் தரும் ஒருவகை இலையிலிருந்து நீலம். தறிக்காரர்கள் நூலின் நுனியைப் பின்பக்கம் தொங்கவிடவில்லை. எல்லாவற்றையும் உள்ளே மடக்கிச் செருகி, முன்பக்கம் போலவே பின்பக்கத்தையும் முடித்திருந்தார்கள். சுவரோடு ஒட்டித் தொங்கப்போகிற, யாரும் பார்க்கப்போகாத பக்கம் அது.

லூயி அதை நிதானமாகப் பார்த்து அனுபவிக்க நேரமே கிடைக்கவில்லை. நேப்பிள்ஸ் சிம்மாசனத்தைப் பிடிக்கப் படையோடு இத்தாலிக்குப் போனவர் 1384இல் அங்கேயே இறந்தார். 1400இல் அவருடைய மகனுக்கு ஆர்ல் நகரத்தில் கல்யாணம். பேராயர் மாளிகையின் முற்றத்தில் இந்தத் திரைச்சீலையைத்தான் தொங்கவிட்டார்கள். கல்யாணப் பந்தலில் உலக முடிவு!

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நாலாம் முத்திரை உடைகிற காட்சி. மங்கின நிறக் குதிரைமேல் வருகிறவனுக்குச் சதை இல்லை, எலும்புதான். கையில் வாள். கொள்ளைநோயில் தெருத்தெருவாகப் பிணம் கண்ட தலைமுறை நெய்தது அது. அவர்களுக்கு அந்த உருவத்தைக் கற்பனை செய்யவேண்டிய அவசியம் இருந்திருக்காது. இன்னொரு காட்சியில் வலுசர்ப்பம் தன் அதிகாரத்தைச் சமுத்திரத்து மிருகத்துக்குக் கொடுக்கிறது. கொடுப்பது ஒரு செங்கோல். அதன் நுனியில் பிரெஞ்சு அரச வம்சத்தின் லில்லிப் பூச்சின்னம். பிரெஞ்சு முடி எனக்கே சொந்தம் என்று இங்கிலாந்து அரசர் உரிமை கொண்டாடிய காலம் அது. பார்த்தவர்களுக்கு மிருகம் யாரென்று யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

இதில்தான் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஒவ்வொரு தலைமுறையும் மிருகத்துக்குத் தன் எதிரியின் முகத்தை ஒட்டிவிடுகிறது. போப்பின் முகம் ஒட்டிய காலம் உண்டு, நெப்போலியனின் முகம் ஒட்டிய காலமும் உண்டு. இன்றும் எங்காவது யுத்தம் மூண்டால் மறுநாள் காலையே நம் கைபேசிக்கு 666 கணக்கு வந்துவிடுகிறது. கன்வென்ஷன் பந்தலில் படம் போட்டு அம்புக்குறி காட்டி விளக்குகிறார்கள். எழுதியவரோ ரோமப் பேரரசின் நிழலில், சிறு ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதினார். சிமிர்னாவின் விசுவாசிகளுக்கு வரப்போவது சிறைவாசம் என்று ஒளிக்காமல் சொன்னார். தப்பிக்க வழி சொல்லவில்லை, தேதியும் கொடுக்கவில்லை. மரணம்வரை உண்மையாயிருக்கச் சொன்னார். சாட்சிக்குக் கிரேக்கத்தில் இருந்த சொல்லே பின்னால் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவருக்கும் பெயராயிற்று. தமிழில் இரண்டையும் சேர்த்தே இரத்தசாட்சி என்கிறோம்.

திரைச்சீலையை நெய்தவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது என் எண்ணம். ஏறக்குறைய ஒவ்வொரு காட்சியிலும் ஓரத்தில் யோவான் நிற்கிறார். பல இடங்களில் காவல்காரன் கூண்டு மாதிரி ஒரு சின்னக் கல் மண்டபத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறார். புஸ்தகத்தைத் திறக்கத் தகுந்தவன் ஒருவனும் இல்லை என்கிற இடத்தில் அழுகிறார். சில இடங்களில் எழுதுகிறார். வாளை அவர் கையில் எடுப்பதே இல்லை. பாபிலோன் விழுகிறது, வெட்டுக்கிளிப் படை வருகிறது, அவர் இடத்தைவிட்டு ஓடவில்லை. இந்த நீளமான துணியின் கதாநாயகன் யார் என்று கேட்டால், ஆட்டுக்குட்டியானவருக்கு அடுத்தபடி அந்தக் கூண்டுக்காரரைத்தான் சொல்வேன்.

கர்த்தருக்குள் மரிக்கிறவர்களைப் பற்றிய காட்சி ஒன்றும் உண்டு. போரும் மிருகமும் நிறைந்த துணியில் திடீரென்று ஒரு படுக்கை. போர்வைக்குள் நீதிமான்கள் தூங்குகிறார்கள். மேலே தூதர்கள் அவர்களுடைய ஆத்துமாக்களை ஏந்திப் போகிறார்கள். அந்தத் தூக்கத்தில் ஒரு பயமும் தெரியவில்லை.

1480இல், லூயியின் பேரன் ரெனேயின் உயிலின்படி, திரைச்சீலை ஆன்ஷே பேராலயத்துக்குப் போனது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பெருவிழா நாட்களில் மட்டும் அதை விரித்து மாட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் குருமாருக்கே அலுத்துவிட்டது. பாட்டுச் சத்தத்தைத் துணி விழுங்குகிறது என்று குறை சொன்னார்கள். 1782இல் விற்கவும் பார்த்தார்கள், வாங்க ஆள் இல்லை. புரட்சிக்காரர்கள்மேல் பழி போடுவது எளிது. ஆனால் இந்தத் துணியை முதலில் கைவிட்டது திருச்சபைதான்.

1843இல் ஆன்ஷே ஆயர் ஆன்ஷபோ அரசாங்க விற்பனையில் அதை 300 பிராங்குக்குத் திரும்ப வாங்கினார். சில ஆண்டுகளில் ஷூபேர் என்கிற குரு, ஊரெங்கும் சிதறிக் கிடந்த துண்டுகளைத் தேடிச் சேர்த்து, தைத்து, ஒட்டுப்போட்டு, வரிசைப்படுத்தத் தொடங்கினார். அந்தப் பழுதுபார்ப்பில் பிழைகள் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். அவர் இல்லாவிட்டால் குறை சொல்லவும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அதே 1843இல் கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் வேறொரு துணி தொங்கிக்கொண்டிருந்தது. வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியார், தானியேல் புத்தகத்தின் நாட்களைக் கூட்டிக் கழித்து, 1843 மார்ச்சுக்கும் 1844 மார்ச்சுக்கும் நடுவில் கிறிஸ்து வருவார் என்று சொல்லியிருந்தார். அவருடைய சகாக்கள் அந்தக் கணக்கை மிருகப் படங்களோடு துணியில் அச்சிட்டு ஊர் ஊராக மாட்டிப் பிரசங்கித்தார்கள். ஆண்டு முடிந்தது. 1844 அக்டோபர் 22 என்று கணக்கைத் திருத்தினார்கள். அந்த இரவும் விடிந்தது. பெரிய ஏமாற்றம் என்றே அந்த நாளுக்குப் பெயர் நின்றுவிட்டது. அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை, வருகையை அவ்வளவு ஆசையாகக் காத்திருந்தவர்கள். ஆனால் இரண்டு துணிகளில் எதைக் கற்றுக்கொடுப்பேன் என்று கேட்டால், யோசிக்காமல் ஆன்ஷேயைக் காட்டுவேன்.

1944இல் குண்டுவீச்சில் ஆன்ஷே கோட்டை சேதப்பட்டது. போர் முடிந்தபின் அந்தக் கோட்டைக்குள்ளேயே திரைச்சீலைக்கென்று நீளமான கூடம் கட்டினார்கள். 1954இலிருந்து அங்கே இருக்கிறது. ஷான் லூர்சா என்ற ஓவியர் 1930களின் இறுதியில் இதைப் பார்த்துவிட்டுத் திரைச்சீலைக் கலையையே தன் வழியாக்கிக்கொண்டவர். 1957இல் தானும் ஒரு நீண்ட தொடர் தொடங்கினார். அணுகுண்டில் ஆரம்பிக்கும் அந்தத் தொடரில் ஹிரோஷிமாவின் மனிதனுக்கு ஒரு துண்டு உண்டு. அதுவும் ஆன்ஷேயில்தான், பழைய மருத்துவமனைக் கட்டிடம் ஒன்றில் இருக்கிறது.

140 மீட்டரில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 100. காட்சிகளுக்குக் கீழே ஓடிய எழுத்துப் பட்டைகள் அடியோடு போய்விட்டன. சாயம் மேலும் வெளுக்காமல் இருக்கக் கூடத்தில் மங்கிய வெளிச்சம்தான் வைத்திருக்கிறார்கள், உள்ளே போனவருக்குக் கண் பழகச் சில நிமிடம் ஆகும். முன்பக்கத்தில் பச்சை பெரும்பாலும் நீலமாகிவிட்டது, சிவப்பு வெளிறிவிட்டது. 1980களில் பின்பக்கத்து லைனிங் துணியைப் பிரித்தபோது, வெயிலே படாத அந்தப் பக்கத்தில் பச்சையும் சிவப்பும் நெய்த நாளின் நிறத்தோடு இருந்தன. படம் பிடித்துக்கொண்டு மறுபடி மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் இப்போதும் சுவரைப் பார்த்தபடிதான் தொங்குகிறது.