பின்னால் வந்து சொல்லும் வெப்பம்

1873-இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் எழுதிய புத்தகம் ஒன்று பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் மூளைக்கு அதிக வேலை கொடுத்துப் படித்தால் பிள்ளைப்பேற்றுக்கான உறுப்புகள் நலிந்துவிடும் என்பது அவர் வாதம். அதை மறுத்து நியூயார்க் மருத்துவர் மேரி புட்னம் ஜாக்கோபி எழுதிய ஆய்வு 1876-இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசை வென்றது. அப்போது ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாடித்துடிப்பு, உடல் வலிமை, வெப்பநிலை எல்லாவற்றையும் அளந்து பார்த்த ஜாக்கோபி, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வெப்பம் சற்று ஏறி நிற்பதைப் பதிவுசெய்தார். உடல் வெப்பத்தைக் கொண்டு கருவுறும் நாளைக் கணிக்க இன்று மோதிரமாகவும் கைக்கடிகாரமாகவும் விற்கப்படும் கருவிகளின் வம்சாவளியில் ஜாக்கோபிக்கு இடம் உண்டு. ஆனால் அவருடைய வெப்பமானி கருவுறும் நாளைத் தேடவில்லை. பெண் ஓய்வெடுத்தே ஆகவேண்டுமா என்ற வழக்கில் சாட்சி சொல்லத்தான் வந்தது.

அந்த ஏற்றத்தைச் சூலகத்தோடு இணைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் டச்சு மருத்துவர் தியோடோர் வான் டி வெல்டே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் அவை. காரணம் பின்னர் தெளிவானது. கருமுட்டை வெளிவந்தபின் சூலகத்தில் சுரக்கும் புரோஜெஸ்ட்டிரோன், மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைத் தொட்டு, உடல் வெப்பத்தை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகிறது. சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. விந்தணு ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும். கருமுட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுள். ஆகவே கருத்தரிக்க ஏற்ற நாட்களில் பெரும்பாலானவை வெப்பம் ஏறுவதற்கு முன்பே கழிந்துவிடுகின்றன.

இருந்தும் 1930களில் ஜெர்மானியக் கத்தோலிக்கப் பாதிரியார் வில்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் இதையே கர்ப்பத்தடைக்குப் பயன்படுத்தினார். ஏறிய வெப்பம் சில நாள் நிலைத்தால் அபாயம் நீங்கியது என்று கொள்ளலாம் அல்லவா? விடிந்ததும் படுக்கையைவிட்டு எழாமல் தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்து, வரைபடத்தாளில் ஒரு புள்ளி. மறுநாள் இன்னொரு புள்ளி. இரவு தூக்கம் கெட்டாலோ, சளி பிடித்தாலோ கோடு தாறுமாறாகும்.

அந்தத் தாளைச் செயலியாக்கியவர்களில் ஒருவர் ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகளைத் தேடும் ஆய்வில் ஈடுபட்ட சுவீடன் இயற்பியலாளர் எலினா பெர்க்லண்ட். அவருடைய 'நேச்சுரல் சைக்கிள்ஸ்' 2017-இல் ஐரோப்பாவிலும், 2018-இல் அமெரிக்காவிலும் கர்ப்பத்தடை முறையாக ஒப்புதல் பெற்றது. அதே சமயத்தில், கருக்கலைப்புக்கு வந்த 668 பேரில் 37 பேர் இந்தச் செயலியை நம்பியவர்கள் என்று ஸ்டாக்ஹோம் மருத்துவமனை ஒன்று தெரிவித்தது. சுவீடன் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு விசாரித்தது. நிறுவனம் ஏற்கெனவே சொல்லியிருந்த தோல்வி விகிதத்தை அது மீறவில்லை என்று முடிவானது. 100 பெண்கள் வழக்கமான முறையில் ஓராண்டு பயன்படுத்தினால் ஆறேழு பேர் கருத்தரிக்கலாம் என்பதே அந்தக் கணக்கு. விளம்பரங்களில் அது 93 சதவீத வெற்றி என்று வந்தது. கணக்கு ஒன்றே, காதில் விழும் விதம்தான் வேறு.

2021-இல் ஃபின்லாந்தின் ஊரா மோதிரம் அந்தச் செயலியோடு சேர அமெரிக்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 8, உறங்கும்போது ஐந்து நொடிக்கு ஒருமுறை மணிக்கட்டின் வெப்பத்தை அளந்தது. காலைப் புள்ளி ஒன்றுக்குப் பதில் இரவு முழுதும் சேரும் அளவுகள். நாக்கடியில் தெர்மாமீட்டர் வைக்கும் தொல்லையும் இல்லை. வரப்போகும் நாட்களுக்கான கணிப்போ, கழிந்த மாதங்களின் சராசரியிலிருந்தே பெருமளவு பிறக்கிறது. கருமுட்டை வெளிப்பட்ட நாளை அந்தக் கடிகாரமும் அது கடந்துபோனபின் பின்னோக்கிய மதிப்பீடாகத்தான் காட்டுகிறது.