குளக்கட்டும் சீமெந்துப் போர்வையும்



வன்னியிலே பெருமலைகள் இல்லை. ஆயினும் சரிவுகள் உண்டு. அவை குளக்கட்டுகளின் சரிவுகள். அவற்றுள் ஒன்று குலைந்தால் வயலும் ஊரும் வீதியும் குலையும். ஆதலின் மண்சரிவை நிலைநிறுத்தும் கலையின் வரலாறு நமக்கு அயலானதன்று.

கனகராயன் ஆற்றை மறித்தெழுந்த இரணைமடுக் குளத்தை நோக்குவோம். 1902ஆம் ஆண்டிலே தொடங்கிய அதன் வேலை 1920களின் தொடக்கத்திலே நிறைவெய்தியது. பின்னர் 1950களிலும் 1970களிலும் கட்டு உயர்த்தப்பெற்றது. இத்தகைய குளங்களின் அலைகரையிலே கற்களை அடுக்குவர். வெளிச்சரிவிலே புல்லை வளர்ப்பர். கல் அலையின் மோதலைத் தாங்கும். கற்களின் இடைவெளியோ, குளத்து நீர் இறங்கும்போது மண்ணுள் ஊறிய நீர் வெளியேற வழிவிடும்.

மேலைநாட்டிலே வேறொரு முறை பிறந்தது. சிக்காகோ நகர அரும்பொருட்சாலையிலே விலங்குருவங்கள் அமைத்துவந்த கார்ல் ஏக்லி என்பார், 1907ஆம் ஆண்டளவிலே, அக்கட்டடத்தின் உதிர்ந்த வெளிச்சுவரைச் செப்பனிட ஒரு பொறியை ஆக்கினார். உலர்ந்த சீமெந்தும் மணலும் காற்றின் விசையாற் குழாய்வழியே விரைந்து வரும். முனையிலே நீர் சேரும். கலவை சுவரிலே அறைந்து ஒட்டிக்கொள்ளும். 1911இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நாளடைவில் அம்முறை சுரங்கங்களுக்கும், வீதியோரச் சரிவுகளுக்கும், பழுதுற்ற பாலங்களுக்கும் பரவிற்று. இன்று நமது மலைநாட்டு வீதிகளிலும், சரிவினுள் இரும்புக் கோல்களைச் செலுத்தி, கம்பிவலை பொருத்தி, அதன்மேற் கொங்கிறீற்றைப் பீச்சுகின்றனர்.

அந்தச் சீமெந்துப் போர்வையிலே ஆங்காங்கே துளைகள் விடுவர். ஏன்? மண்ணுள் இறங்கிய மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கினால், அதன் அழுத்தம் போர்வையையே பெயர்த்துத் தள்ளிவிடும். அலைகரைக் கற்களின் இடைவெளியும் இத்துளையும் ஒரே அறிவின் இரு வடிவங்களாம்.

2018ஆம் ஆண்டு டிசெம்பர்ப் பெருமழையிலே இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே பல்லாயிரவர் வீடிழந்தும் வீடு விட்டும் முகாம்களை நாடினர். இத்தகைய அழிவின்பின், எல்லாவற்றையும் சீமெந்தால் மூடிவிட்டால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பு. மதகின் சுவருக்கும் பாறைச் சரிவுக்கும் அது பொருந்தும். மண்கட்டோ காலப்போக்கிலே அமர்ந்து இறங்கும் தன்மையது. விறைத்த போர்வை அதனோடு இறங்காது, வெடிக்கும், உள்ளே தோன்றும் பொந்தையும் கண்ணுக்கு மறைத்துவிடும்.

ஆகவே கட்டிலே முளைக்கும் மரக்கன்றை அகற்றுவதும், எலிவளையையும் கறையான் புற்றையும் அடைப்பதும், வீதி மதகிலே படிந்த வண்டலை மாரிக்கு முன் வாருவதும் சிறு தொண்டுகளல்ல. நீருக்கு வழி விட்டவனே கரையைக் காத்தவன்.