பாதை என்னும் கலம்: கொட்டியாரக் குடாவின் போக்குவரத்து வரலாறு

கிழக்கிலங்கைப் பேச்சு வழக்கில் 'பாதை' என்ற சொல்லுக்கு வெளியூரார் எதிர்பாராத ஒரு பொருள் உண்டு. "பாதை அக்கரையில நிக்குது" என்று கிண்ணியாவிலோ வெருகலிலோ ஒருவர் சொன்னால், அவர் குறிப்பது ஆற்றைக் கடத்திவிடும் மிதவையை. இழுவைப் பாதை, இயந்திரப் பாதை என்று அதில் வகைகளும் உண்டு. வழிக்கும் வாகனத்துக்கும் ஒரே பெயர் வாய்த்தது தற்செயலாக இருக்க முடியாது. திருகோணமலையைச் சுற்றிய நிலத்தில் நெடுங்காலம் மிதப்பதே வழியாக இருந்தது. தெரு பின்னால் வந்தது.

நிலவமைப்பே இதற்குக் காரணம். 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி கங்கை, கிளைகளாகப் பிரிந்து கொட்டியாரக் குடாவிலும் அதற்குத் தெற்கே வெருகலிலும் கடலோடு கலக்கிறது. வடக்கே தம்பலகாமக் குடா நிலத்தை அறுத்து உள்ளே நுழைகிறது. திருகோணமலையிலிருந்து மூதூர் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். ஆனால் தரைவழியே போக வேண்டுமானால் நீரைப் பலமுறை தாண்டியாக வேண்டும். ஆகவே மூதூரார் தோணியிலும், பின்னர் லாஞ்சியிலும் கொட்டியாரக் குடாவை நேரே கடந்தே நகரத்துக்கு வந்துபோனார்கள்.

பெருங்கலங்களின் கதை வேறு. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. திருகோணமலை அந்த இடத்தைக் கொடுத்தது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புதிய மரம் தேடிக் கொட்டியாரத்துக்கு வந்தது. மறு ஆண்டு அதன் மாலுமிகள் சிலர் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டனர். அவர்களில் ஒருவரான ராபர்ட் நொக்ஸ், ஏறத்தாழ இருபதாண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டார்.

கடற்கரைக்கும் கண்டிக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை பொதிமாடுகள். உப்பும் கருவாடும் புடைவையும் மேலே ஏறின. பாக்கு கீழே இறங்கியது. மாட்டின் முதுகை விட்டு ஆற்றையே வாகனமாக்கலாமா என்ற எண்ணம் ஆங்கிலேயருக்கு எழுந்தது. திருகோணமலைத் துறைமுக அதிகாரி புரூக் மகாவலியின் ஒரு பகுதியை அளந்தார். 1833இல் இலண்டன் புவியியல் சங்கத்தின் ஏட்டில் அவரது விவரம் அச்சேறியது. கண்டிக்கும் குடாவுக்கும் இடையே ஆற்றுவழிப் படகுச் சேவை மட்டும் உருவாகவில்லை. 1927இல் கல்ஓயாச் சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியே புகையிரதம் வந்தது. அதுவும் நகரத்தோடு நின்றது. குடாவின் தென்கரைக்கு அதனால் ஒரு பயனுமில்லை.

இரண்டாம் உலகப் போர் வேறு விசித்திரங்களைக் கொண்டுவந்தது. சீனக்குடாவில் நீரின்மேல் இறங்கும் பறக்கும் படகுகள் வந்து நின்றன. இன்னொன்று மிதக்கும் கப்பல் தளம்: தொட்டிகளில் நீரை நிரப்பித் தாழ்ந்து, கப்பலை உள்ளே வாங்கிக்கொண்டு, நீரை வெளியேற்றி அதைத் தூக்கும் பெருங்கலம். பம்பாயில் கட்டிய அத்தகைய தளம் ஒன்று இங்கே இழுத்துவரப்பட்டது. 1944 ஆகஸ்ட் 8 அன்று 'வேலியன்ட்' என்ற போர்க்கப்பலைத் தூக்கும்போது அது சமநிலை தவறிக் குலைந்து மூழ்கியது. கப்பல் சேதத்துடன் தப்பியது.

இவையெல்லாம் வரலாற்று நூல்களில் இடம்பிடித்துவிட்டன. பாதைக்கு அந்த இடம் கிடைக்கவில்லை என்பதே என் குறை. அதன் அமைப்பு எளிது: மிதவைகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகைத் தளம் போட்டு, கரைக்குக் கரை கட்டிய வடத்தைப் பற்றி ஆட்கள் இழுப்பார்கள். பின்னாளில் இழுத்த கைகளின் இடத்தை இயந்திரம் பிடித்தது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல், காயான்கேணி என்று மட்டக்களப்பு வீதி துறை துறையாக அறுந்து கிடந்தது. ஒவ்வொரு துறையடியிலும் பஸ்ஸும் பயணியும் பாதை வரும்வரை காத்திருக்க வேண்டும். கதிர்காமப் பாதயாத்திரை அடியார்களும் இந்தத் துறைகளைக் கடந்துதான் தெற்கே நடந்தனர். வீதியில் போனதாகச் சொன்னவர்கள் உண்மையில் பாதி வழி நீரைத்தான் நம்பினார்கள்.

உள்நாட்டுப் போரில், 2006 ஆகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தார் பலருக்குத் தெற்கே போகும் வழி கப்பலேறித் திருகோணமலையில் இறங்குவதாயிற்று. 2009 பெப்ரவரியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டோரையும் நோயாளரையும் 'கிரீன் ஓஷன்' கப்பலில் இங்கே கொண்டுவரத் தொடங்கியது. பின்னர் அவர்கள் புல்மோட்டையில் இறக்கப்பட்டனர். மே மாதத்துக்குள், துணைக்கு வந்தவர்களையும் சேர்த்து, கடல்வழி கொண்டுவரப்பட்டோர் கிட்டத்தட்ட 14,000 பேர்.

அதே ஆண்டு அக்டோபரில் 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் தெற்கே மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. மூதூர் லாஞ்சியின் மவுசு குறைந்தது. பாதைக் காலம் முடிந்துவிட்டது என்று எழுதுவது எளிது. ஆனால் பாலங்கள் வந்தது பெருவீதிக்குத்தான். கிண்ணியாவின் உள்ளூர்த் துறையான குறிஞ்சாக்கேணியில், புதிய பாலத்தின் வேலை முடியாத நிலையில், ஊரார் மீண்டும் பாதையில் ஏறினார்கள். 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட 6 பேர் அன்றே இறந்தனர்.